கப்பல் விருந்துக்கு வேட்டி போதும்

திண்டுக்கல்லில் இது இப்போது முடிந்துபோன பேச்சு. கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர் அடுத்து கோட் சூட்டுக்கு அளவு கொடுக்க வேண்டும். கப்பலில் 'ஃபார்மல் நைட்' என்று ஒரு விருந்து உண்டு, அதற்கு வேட்டி சட்டையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், நிறுத்தாவிட்டாலும் நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்கிறார்கள். படித்தவர், தொழில் செய்பவர், வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர் என்று யாரைக் கேட்டாலும் இதேதான் பதில். மறுத்துப் பேச ஆளில்லை. நான் மறுக்கிறேன். இந்தக் கருத்து தகவலாகவும் தவறு, நியாயமாகவும் தவறு.

கப்பல் சுற்றுலா இன்றைக்கு எட்டாத சமாச்சாரம் அல்ல. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கிளம்பியது. முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய வழி சிங்கப்பூர் வழிதான். திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து இரண்டு மூன்று இரவு கப்பல். பூட்டு வியாபாரி, ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர், நிலக்கோட்டையில் பூ வாங்கி அனுப்புகிறவர், ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதி என்று குழுவாகப் போகிறார்கள். கிளம்புவதற்கு முன் ஏற்பாட்டாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வரும். பாஸ்போர்ட் நகல், சர்க்கரை மாத்திரை, ஊறுகாயை இறுக்கமாகக் கட்டவும் என்கிற வரிகளுக்கு நடுவில் இதுவும் இருக்கும்: "ஜென்ட்ஸ் கோட் சூட், டை, ஷூ கட்டாயம். லேடீஸ் பட்டுச்சேலை."

அந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனைவி பீரோவைத் திறந்து, கல்யாணத்துக்கு எடுத்த பட்டையே மடித்து வைத்துக்கொள்ளலாம். கணவருக்கு மட்டும் அவர் பீரோவில் இருக்கும் எதுவும் ஆகாது. சேலைக்கு இருக்கிற தகுதி வேட்டிக்கு இல்லை என்று எந்தக் கப்பல் கம்பெனி சொன்னது?

எனக்குத் தெரிந்து எதுவும் சொல்லவில்லை. உடை விஷயத்தில் மிகக் கறார் என்று பெயர் எடுத்த கம்பெனி குனார்டு. 1840 முதல் அட்லாண்டிக்கில் கப்பல் விடுகிறவர்கள். அவர்களுடைய 'காலா' மாலைகளில் ஆறு மணிக்கு மேல் ஆண்கள் டின்னர் ஜாக்கெட்டோ அடர்ந்த நிற சூட்டோ போட வேண்டும், பெண்கள் விருந்து உடை உடுத்த வேண்டும். இந்த விதியைச் சொல்லும் அதே இடத்தில், அவரவர் தேசத்தின் விழா உடைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் முழங்கால் தெரிய கில்ட் கட்டிக்கொண்டு அந்த மேசைக்கு வருகிறார். கறாரான கப்பலிலேயே கதை இதுதான். சிங்கப்பூரில் கிளம்பும் குடும்பக் கப்பல்களில் கெடுபிடி இன்னும் குறைவு. விருந்து மாலைக்கு அலங்கரித்துக்கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்வதோடு பல கம்பெனிகள் நிறுத்திக்கொள்கின்றன. விருப்பமில்லாதவர் மேல்தளத்து பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம். 'கட்டாயம்' என்ற சொல்லைச் சேர்த்தது நாம்.

இதற்கு வருகிற முதல் பதில், விருந்து உடை என்றால் உலகம் முழுக்க கோட்தானே, அதுதானே மரபு என்பது. அந்த மரபின் வயதைக் கொஞ்சம் பார்ப்போம். இன்று விழா உடையாக மதிக்கப்படும் டின்னர் ஜாக்கெட், பிறக்கும்போது விழா உடையே அல்ல. 1865ல் விக்டோரியா ராணியின் மகன், பின்னாளில் ஏழாம் எட்வர்டு, தன் கிராமத்து மாளிகையில் நீளவால் கோட்டின் தொல்லையில்லாமல் சாவகாசமாகச் சாப்பிட லண்டன் தையல்காரர் ஹென்றி பூலிடம் ஒரு குட்டைக் கோட்டு தைத்துக்கொண்டார். அது அமெரிக்காவுக்குப் போய், 1886 வாக்கில் நியூயார்க் அருகே டக்ஸீடோ பார்க் என்ற பணக்காரக் குடியிருப்பில் பரவி, அந்த ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்டது. அந்தக் காலத்துக் கண்டிப்பான ஆசாமிகளுக்கு அது அரைகுறை உடை. வீட்டில் சாவகாசமாக இருக்கத் தைத்த கோட்டு ஒன்று இரண்டு தலைமுறையில் 'இதைப் போடாவிட்டால் உள்ளே வராதே' என்று ஆகிவிட்டது.

கப்பலில் இந்த வழக்கம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பெருங்கப்பல்களில் மாலை உடை மாற்றிக்கொண்டு சாப்பிட வந்தவர்கள் முதல் வகுப்புப் பயணிகள். கீழ்த்தளத்தில் மூட்டை முடிச்சோடு பிழைப்புத் தேடிப் போன மூன்றாம் வகுப்புக்கு அந்த விதி கிடையாது. அந்தச் சாப்பாட்டு அறைக்குள் அவர்கள் வரவே முடியாது. முதல் வகுப்பிலும் புறப்பட்ட இரவும் கரை சேர்வதற்கு முந்தைய இரவும் உடை மாற்றுவதில்லை. பெட்டி பிரித்திருக்காது, அல்லது கட்டியாகியிருக்கும். மனிதர்கள் தங்கள் வசதிக்கு ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு இது. அவர்கள் ஏற்படுத்தியதை அவர்களே தளர்த்தியும் வருகிறார்கள்.

சரி, உலகிலேயே மிகக் கண்டிப்பான விருந்து மாலை எது? ஸ்டாக்ஹோமில் ஆண்டுதோறும் டிசம்பர் 10 அன்று நடக்கும் நோபல் பரிசு விழாவைச் சொல்லலாம். ஆண்களுக்கு வெள்ளை டையும் வால் கோட்டும். அதற்கும் மாற்று உண்டு: தேசிய உடை. 2019ல் பொருளாதாரப் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜி வேட்டி கட்டி, மேலே கழுத்து மூடிய கோட்டு போட்டு மேடையேறினார். மனைவி எஸ்தர் டுஃப்லோ பிரெஞ்சுக்காரர், சேலையில் வந்தார். ஸ்வீடன் அரசர் முன்னால் செல்லுபடியான வேட்டி, மலாக்கா நீரிணையில் மூன்று இரவு மிதக்கும் கப்பலின் சாப்பாட்டு அறைக்கு ஆகாதா? மலேசியாவில் முழுக்கை பாட்டிக் சட்டை அரசு விருந்துக்கே போதும். பிலிப்பைன்ஸில் அன்னாசி நாரில் நெய்த பாரோங்தான் மாப்பிள்ளைக்கும் அதிபருக்கும் விழா உடை. இந்த நாடுகளெல்லாம் தங்கள் உடை விழாவுக்கு ஏற்றது என்று தாமே முடிவு செய்தன. பிறகு உலகம் ஏற்றுக்கொண்டது. நாம் தலைகீழாக, உலகம் சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம்.

கப்பலும் உடையும் என்றால் காந்தியை விட முடியாது. 1888ல் லண்டனுக்குக் கப்பலேறிய பதினெட்டு வயதுப் பையன், பயணம் முழுக்கக் கறுப்பு சூட் போட்டுக்கொண்டு, கரையிறங்கும்போது அணியவென்று வெள்ளை ஃபிளானல் சூட் ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் அது செப்டம்பர் கடைசி. கூட்டத்தில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவரே. வெட்கத்தை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1931ல் 'ராஜபுதானா' கப்பலில் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது இடுப்பில் முழங்கால் வரை வேட்டிதான். நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் அதோடுதான் போனார். நடுவில் நடந்தது என்ன? 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில், இனி இடுப்பு வேட்டி மட்டும் என்று எடுத்த முடிவு. திண்டுக்கல்லிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். அந்த வழியிலேயே, சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், 1947ல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் அவர் பெயரில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இன்றும் அங்கே கதர் நெய்கிறார்கள். கப்பலுக்குப் போகிறவர் கோட்டுத் துணி தேடி மதுரைக்குப் போகும்போது அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறார்.

காந்தி மகாத்மா, அவரை யார் தடுப்பார்கள், நாம் சாதாரண ஆட்கள் என்பார்கள். 1966ல் வேட்டி சட்டையோடு சோவியத் நாட்டுக்குப் போய் வந்த காமராஜரைச் சொன்னாலும் இதே பதில்தான். பெரிய மனிதர் என்பதற்காக விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதை நம் ராஜதானியே காட்டியது. 2014 ஜூலை 11 அன்று சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரின் நூல் வெளியீட்டு விழா. அழைப்பின் பேரில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக உள்ளே விடவில்லை. கூட வந்த மூத்த வழக்கறிஞர்களுக்கும் அதே கதி. நடந்த இடம் தமிழ்நாட்டின் தலைநகரம். வாசலில் நின்று தடுத்தவரும் வேட்டி கட்டும் வீட்டில் பிறந்தவராகத்தான் இருப்பார்.

சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடில்லாமல் கண்டனம் எழுந்தது. முதலமைச்சர் ஜெயலலிதா சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். அடுத்த மாதமே வந்தது. கிளப் உள்ளிட்ட பொது இடம் எதிலும் வேட்டியைக் காட்டி ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் போகலாம். நல்ல சட்டம். அப்போதும் ஒரு சாரார் முணுமுணுத்தார்கள்: "அது அவன் இடம், அவன் விதி. பிடிக்காவிட்டால் போகாதே." இன்று கப்பலுக்கும் இதையே சொல்கிறார்கள். வீட்டுக்காரர் விதிக்கு விருந்தாளி கட்டுப்படுவது நாகரிகம்தான், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் சேப்பாக்கம் கிளப் யார் வீடு? அரசு நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி நடக்கும் மைதானத்தின் கிளப் அது. கப்பலிலோ வீட்டுக்காரர் வேட்டியைத் தடுக்கவே இல்லை. இல்லாத விதிக்குக் கட்டுப்படுவது நாகரிகம் ஆகாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். உடை விதி வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. திருவிதாங்கூரில் தோள்சீலை போடும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டுப் போராடி, 1859ல்தான் மன்னரிடமிருந்து ஆணை வந்தது. நம் வட்டாரத்துக் கிராமங்களிலேயே, இன்னார் முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கக் கூடாது, இன்னார் தெருவில் வரும்போது துண்டைக் கக்கத்தில் இடுக்க வேண்டும், செருப்பைக் கையில் எடுக்க வேண்டும் என்ற கொடுமையைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள். வேட்டி நமக்குள் எப்போதும் சமத்துவ உடையாக இருந்ததில்லை. அதைப் போராடி அப்படி ஆக்க வேண்டியிருந்தது. 2017ல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் மேகாலயத்தின் ஜெயின்செம் உடுத்தி வந்த, காசி இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணை, வேலைக்காரி போல இருக்கிறார் என்று சொல்லி மேசையைவிட்டு எழுப்பினார்கள். எழுப்பியவர்களும் இந்தியர்கள். ஆகவே உடையைப் பார்த்து ஆளை அளக்கும் புத்தி எந்த உருவில் வந்தாலும் எனக்கு அருவருப்பு. நாளைக்கு வேட்டி கட்டியவர் மட்டும் உள்ளே வரலாம் என்று ஒரு மண்டபம் பலகை மாட்டினால் அதற்கும் எதிராக எழுதுவேன்.

ஆனால் அதற்காக, உடை விதியே வேண்டாம், அரைக்கால் சட்டையோடு வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்கிற கட்சியிலும் நான் சேரமாட்டேன். நாலு பேர் கூடி உண்ணும் ஒரு மாலைக்காக மனிதர்கள் குளித்து, தலைவாரி, நல்லதை உடுத்தி வருவது அழகான பழக்கம். அது நமக்கு யாரும் கற்றுக்கொடுத்ததும் அல்ல. வேட்டிக்குள்ளேயே அந்த இலக்கணம் முழுதாக இருக்கிறது. தோட்டத்தில் நிற்கும்போதும் வண்டியை உதைக்கும்போதும் வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருக்கும். எதிரே வயதில் மூத்தவர் வந்தால், பந்தியில் உட்காரப் போனால், துக்க வீட்டு வாசலை மிதித்தால், கை தானாக முடிச்சை அவிழ்த்து வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிடும். ஒரு நொடி வேலை. ஒரே துணி, வேலை உடையிலிருந்து மரியாதை உடையாக மாறிவிடும். கோட்டைக் கழற்றி மாட்டுவதைவிட நுட்பமான ஏற்பாடு இது. தினமும் நூறு தடவை செய்கிறோம், அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் ஊரிலேயே 'ஃபார்மல் நைட்' நடக்கிறது. அதற்குப் பெயர் ரிசப்ஷன். கப்பல் விருந்துக்குக் கோட்டு தைக்கும் பழக்கம் இங்கேதான் முளைத்தது. காலையில் முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டியில் கம்பீரமாக உட்காரும் அதே பையன், மேடையில் மாலை ஆறரை மணியிலிருந்து பத்தரை வரை மூன்று அடுக்குத் துணிக்குள் நிற்கிறான். வாடகைக் கோட்டின் தோள் ஒன்று தூக்கியிருக்கும். உள்ளே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. சித்திரை வைகாசியில் இந்தச் சமவெளியில் இரவு எட்டு மணிக்கும் சுவர் சுடும். மண்டபத்து ஏசி ஐநூறு பேர் மூச்சுக்கு முன்னால் தோற்றுப்போயிருக்கும். பொண்ணு காஞ்சிபுரம் பட்டில் இருக்கிறாள். யாரும் அவளைப் பார்த்து இது போதாது, கவுன் போடு என்று சொல்வதில்லை. படம் எடுப்பவருக்கும் மொய் எழுதுபவருக்கும் கைகொடுக்க வரும் எல்லாருக்கும் மாப்பிள்ளை மட்டும் கஷ்டப்படுவது இயல்பாகப் படுகிறது. அவனுக்குக் கோட்டு நிஜமாகவே பிடித்திருந்தால் தாராளமாகப் போடட்டும். பிடித்ததா என்று எத்தனை வீட்டில் கேட்டார்கள்? "ரிசப்ஷனுக்கு வேட்டியா, பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்பதுதான் கேள்வி. பொண்ணு வீட்டிலும் இதே கேள்வியை இவர்களைக் குறித்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டு பயமும் சேர்ந்துதான் சிங்கப்பூர்க் கப்பலில் ஏறுகிறது. பண்பாட்டைச் சுமப்பது பெண்ணின் வேலை, முன்னேறியவனாகத் தெரிவது ஆணின் வேலை என்ற பழைய பங்கீடும் இதற்குள் இருக்கிறது. அந்தப் பங்கீடு பெண்ணுக்கும் நல்லதல்ல.

கோ-ஆப்டெக்ஸில் சகாயம் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது தொடங்கிய வேட்டி தினம் ஜனவரியில் வருகிறது. அலுவலகங்களில் அன்றைக்கு எல்லாரும் வேட்டியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நெசவாளிக்கு அதனால் நாலு காசு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் ஒரு நாள் மாறுவேடம் போல ஆகிவிட்டால் மீதி நாட்களில் அது உடை இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

கடைசியாக மிஞ்சுவது நடைமுறைப் பேச்சு: கப்பல் ஆடும், வேட்டி அவிழும், படியில் தடுக்கும், போன் வைக்க இடம் இல்லை. இதைச் சொல்பவர்களில் பாதிப்பேர் வேட்டியை இறுக்கக் கட்டி அறியாதவர்கள். எட்டு முழம் டபுள் வேட்டியைக் கஞ்சி போட்டுப் பெட்டி போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். கரை இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழ, குதிகாலுக்கு ஒரு விரல் மேலே நிற்கும்படி இழுத்துச் சொருகி, மேல்விளிம்பை இரண்டு சுற்று உருட்டி, அதன்மேல் பெல்ட் போட்டால் போதும். நாதஸ்வரக்காரர் நாலு மணி நேரம் ஊர்வலத்தில் நடந்து வாசிக்கிறாரே, அவருக்கு அவிழ்கிறதா? கட்டப் பழகாத பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி எல்லா ஜவுளிக் கடையிலும் இருக்கிறது. பையும் வைத்தே தைத்துத் தருகிறார்கள். பெண்கள் ஆறு கஜச் சேலையில் அதே படியில்தான் ஏறி இறங்குகிறார்கள். கப்பல் அவர்களுக்கு மட்டும் ஆடாமல் நிற்பதில்லை.

மாலை விருந்துக்குச் சாதாரண நாலு முழம் எடுத்துப் போக வேண்டாம். விழா என்றால் விழாவுக்கு உரியதை உடுத்த வேண்டும். அதை ஒத்துக்கொண்ட பிறகுதான் இந்த வழக்கையே நடத்துகிறேன். சேலம் வெண்பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் சரிகை அங்கவஸ்திரம். குளிரூட்டிய அறையில் குளிர் தாங்காதவர் மேலே கழுத்து மூடிய கோட்டு ஒன்று போட்டுக்கொள்ளலாம். காலில் வாரறுந்த ரப்பர் செருப்பு வேண்டாம், நல்ல தோல் செருப்பு. வீட்டம்மா பழைய முறைச் சின்னாளபட்டிச் சுங்குடி கட்டினால், ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்தது என்று பக்கத்து மேசைக்காரருக்குச் சொல்ல ஒரு விஷயமும் இருக்கும். உடையை மறைக்காததற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 1957ல் பிரியாணிக் கடை வைத்த நாகசாமி நாயுடு தலையில் எப்போதும் கட்டியிருந்த தலைப்பாகையே கடைக்குப் பெயராகி, அந்தப் பெயர் இன்று வெளிநாடுகளில் பலகையாகத் தொங்குகிறது. அவர் தலையில் இருந்ததை மறைத்திருந்தால் அந்தப் பெயரே வந்திருக்காது.

பயணம் பதிவு செய்யும்போதே கப்பல் கம்பெனியின் உடை விதியை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் சொந்தமாக எழுதியதை வாங்காதீர்கள், கம்பெனி வெளியிட்டதைக் கேளுங்கள். தேசிய உடை அனுமதி என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு கம்பெனி முடியாது என்று பதில் போட்டால் வேறு கப்பல் பாருங்கள், சிங்கப்பூரில் கப்பலுக்குப் பஞ்சமில்லை. சாப்பாட்டு அறை வாசலில் புதிதாக வேலைக்கு வந்த பையன் யாராவது தயங்கி நின்றால் அவனிடம் சண்டை வேண்டாம். அவன் மேலாளரைக் கூப்பிடச் சொல்லி அந்த வரியைக் காட்டுங்கள். பிறகு உள்ளே போய், உங்களுக்கு ஒதுக்கிய மேசையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள்.